ஒரு அடிக்கு அரை அங்குலம்

என் பையன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். 'படிக்கிறான்' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பிராஜெக்ட் செய்வது நான், அதைப் பற்றி எழுதுவது அவன் அம்மா, மார்க் வாங்குவது அவன். இந்தக் கூட்டுறவுச் சங்கம் எல்.கே.ஜி.யிலிருந்து நஷ்டமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு வியாழக்கிழமை ராத்திரி, தோசையைச் சட்னியில் முக்கிக்கொண்டே சொன்னான்.

"அப்பா, பழைய காலத்து ரூம் ஒண்ணு செஞ்சிட்டு வரச் சொல்லியிருக்காங்க. தெர்மாகோல் கூடாது, பிளாஸ்டிக் கூடாது. பேப்பர் மட்டும்தான்."

"எப்போ குடுக்கணும்?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

'நாளைக்கு' என்று அவன் சொல்லாததில் என் மனைவிக்குச் சந்தேகம் வந்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை.

நாகர்கோவிலில் இருந்துகொண்டு பழைய ரூமுக்கு எங்கே போவது? தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறதே! 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகிறவரை திருவிதாங்கூர் ராஜாக்கள் அங்கேதான் இருந்தார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரள அரசாங்கத்தின் பராமரிப்பிலேயே நின்றுவிட்டது. தமிழ்நாட்டு மண், கேரள டிக்கெட்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக இருக்கும் என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்து, ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் லீவு சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை போனோம். திங்கட்கிழமை அரண்மனைக்கும் லீவு! கோட்டைக் கருங்கல் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆளுக்கு ஒரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம், கூட்டத்தோடு கூட்டமாக.

பையனுக்குப் பிடித்தது மந்திரசாலை. பூமுகத்துக்கு மேலே மாடியில், ராஜா மந்திரிகளோடு உட்கார்ந்து யோசனை பண்ணிய அறை. ஜன்னல்களில் வண்ண வண்ணமாக மைக்கா வைத்திருக்கிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே ஃபேன் இல்லாமலே சில்லென்று இருக்கிறது. தரை கறுப்புக் கண்ணாடி. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எல்லாம் சேர்த்துப் பூசியது என்று சொல்கிறார்கள். குனிந்தால் நம் முகம் தெரியும், மழித்து ரெண்டு நாளாகிவிட்டது என்பது உட்பட.

அளவு எடுக்கப் பையில் டேப் கொண்டுபோயிருந்தேன். காவலர் நின்ற நிலையைப் பார்த்ததும் அதை வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை. கால் கட்டைவிரலில் குதிகாலை முட்டவைத்து அடியடியாக அளந்தேன். பையன் எண்ணினான். ஏழாவது அடியில் காவலர் திரும்பினார். நான் அடிப்பிரதட்சணம் செய்கிற முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நாங்கள் வெளியேறும்வரை கூடவே வந்தார்.

வீட்டுக்கு வந்து வேலை ஆரம்பித்தது.

பேப்பர் வேலை என்றால் லேசாக நினைக்காதீர்கள். பேப்பருக்கு இழை உண்டு, மரத்துக்கு இருக்கிற மாதிரி. செய்தித்தாளை மேலிருந்து கீழே கிழித்துப் பாருங்கள், நூல் பிடித்த மாதிரி நேராக வரும். குறுக்கே கிழித்தால் கன்னியாகுமரிக் கடற்கரை மாதிரி வளைந்து வளைந்து போகும். இழையோடு மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். குறுக்கே மடித்தால் வெடித்து, தும்பு தும்பாகத் தெரியும். மடிக்கிற இடத்தில் ரீஃபில் தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி ஒரு கோடு போட்டுவிட வேண்டும். (தீர்ந்த பேனாவுக்கு அரசு அலுவலகத்தில் பஞ்சமா?) பசையைத் தாராளமாகத் தடவக்கூடாது. ஈரத்தில் இழை ஊதிக்கொண்டு, காலையில் பார்த்தால் சுவர் அப்பளமாகச் சுருண்டிருக்கும். என் முதல் மூன்று சுவர்கள் அப்படித்தான் போயின.

கெட்டிப் பேப்பருக்கு எங்கே போவது? பீரோவின் மேலே ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகை! எங்கள் பக்கத்தில் ஒரு சொந்தம் விடாமல் பத்திரிகை வைப்பார்கள். எல்லாம் நல்ல கெட்டி அட்டை. 'தங்கள் நல்வரவை நாடும்' என்கிற பக்கம் உள்ளே போகும்படி ஒட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?

அடுத்தது கணக்கு. ஒரு அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வது பொம்மை வீட்டுக்காரர்கள் வழக்கம். நம் டெல்லியைக் கட்டிய லட்யன்ஸ் இருக்கிறாரே, அவர் டெல்லி வேலைக்கு நடுவிலேயே இங்கிலாந்து ராணி மேரிக்கு இந்தக் கணக்கில் ஒரு பொம்மை மாளிகையும் கட்டினார். 1924-ல் முடிந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும், லைப்ரரியில் கானன் டாயில் எழுதிக் கொடுத்த குட்டிப் புத்தகம் இருக்கிறது. நமக்கு ராணி வசதி ஏது? ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று முடிவு செய்தேன். ஆசாரி பாஷையில் நாலு நூல்.

முதலில் தரை. கறுப்புச் சார்ட்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன்மேல் துணியால் தேய்த்தோம். என்ன பளபளப்பு என்கிறீர்கள்! அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"லேய் மக்கா, இது நம்ம அரங்குத் தரைல்லா?"

அம்மா.

அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. ரெண்டு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். காலையில் மாத்திரை சாப்பிட்டதை மத்தியானம் மறந்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தினமும் புதிது. சாயங்காலம் ஆறு மணியானால், "விளக்கு வைக்க நேரமாச்சு, வீட்டுக்குப் போவோமா?" என்பாள். "இதுதான் அத்தை வீடு" என்று என் மனைவி சொன்னால், "செரி மக்களே" என்று விருந்தாளி மாதிரிச் சிரிப்பாள்.

அந்த வீடு தோவாளைத் தாலுகாவில் ஒரு கிராமத்தில் இருந்தது. இருந்தது. அப்பா போன பிறகு விற்றுவிட்டோம். விற்கலாம் என்று முதலில் சொன்னவன் சென்னையில் இருக்கிற என் அண்ணன். ஆனால் முதலில் கையெழுத்துப் போட்டது நான். ஹவுசிங் லோன் சார், வேறென்ன! வாங்கியவர் இடித்துத் தரைமட்டமாக்கி, இப்போது அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் கார்கள் நிற்கின்றன. பங்கு பிரித்ததில் ஒரு வெண்கல உருளியில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய், அதிலிருந்து அண்ணனும் நானும் பேசிக்கொள்வதில்லை. பொங்கலுக்கு மனைவிமார் பேசுவார்கள், பக்கத்தில் நின்று நாங்கள் கேட்போம்.

அரங்கு என்றால் மற்ற ஊர்க்காரர்கள் நாடக அரங்கு என்று நினைத்துக்கொள்ளக்கூடாது. நாஞ்சில் நாட்டு வீட்டில் நடு உள்ளறைக்கு அதுதான் பெயர். 1906-ல் பேச்சிப்பாறை அணை வந்த பிறகு கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருஷத்தில் இரண்டு விளைச்சல் நிச்சயம் என்றாகிவிட்ட ஊர். விளைந்த நெல்லைப் போட்டு வைக்க மரப் பத்தாயம், பத்தாயத்தை வைக்க அரங்கு. ஜன்னலே கிடையாது. நெல்லும் நகையும் பத்திரமும் இருக்கிற இடத்துக்கு ஜன்னல் எதற்கு? எங்கள் வீட்டில் பிரசவமும் அங்கேதான். அண்ணன், நான், தங்கச்சி மூன்று பேரும் அந்த இருட்டில் பிறந்தவர்கள்.

"பாட்டி சொல்ற ரூமையே செய்வோமா?" என்றான் பையன். மந்திரசாலை ஜன்னலுக்கு மைக்கா வெட்டவேண்டிய வேலை மிச்சம் என்று நானும் சரி என்றேன்.

பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலம், எட்டடி உயரம். இதில் அம்மாவுக்கும் எனக்கும் தகராறு இல்லை. பேப்பரில் ஆறு அங்குலம், நாலு, நாலு. தகராறு வந்தது கதவில்.

"வடக்கேல்லா வாசல்" என்றாள் அம்மா.

"இல்லம்மா, கிழக்கே."

"ஒனக்கு என்ன தெரியும்? நான் அங்கண வெளக்குக் கொண்டுபோயி வச்சவ. வடக்கே."

சரி, போட்டோ பார்த்துவிடலாம் என்று ஆல்பங்களை இறக்கினோம். மூன்று ஆல்பம். கல்யாணம், வளைகாப்பு, தங்கச்சி மஸ்கட் போன நாள், எல்லாம் இருக்கிறது. எல்லாமே முற்றத்தில், இல்லாவிட்டால் படிப்புரையில், வரிசையாக நின்று எடுத்தவை. அரங்குக்குள் ஒன்றுகூட இல்லை. யார் எடுப்பார்கள்? இருட்டு அறை, நெல் தூசி, தேங்காய்க் குவியல். கிரகப்பிரவேசத்துக்குப் பத்தாயிரம் போட்டோ எடுக்கிறோம், அதில் ஸ்டோர் ரூம் எத்தனை?

"ஏங்க, ஒங்க அண்ணன்கிட்ட கேட்டா என்ன?" என்றாள் மனைவி. நான் பேப்பர் வெட்டுவதில் மும்முரமாக இருந்தேன். அவளே நம்பரைப் போட்டு என் காதில் வைத்துவிட்டாள்.

"என்னடா? அம்மாவுக்கு ஏதாவது...?"

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. அரங்குக் கதவு எந்தப் பக்கம்?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மௌனம். அப்புறம், "மேற்கே" என்றான்.

ஒரு கதவு, மூன்று திசை. இரண்டு வருஷத்துக்குப் பின் அண்ணன் தம்பி பேசிய முதல் பேச்சு, "ஒனக்குத் திசையே தெரியாது", "ஒனக்குத்தான் தெரியாது" என்று பத்து நிமிஷம் ஓடியது.

அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்று ஒரு அம்மாள் இருந்தார். பெரிய பணக்காரி. 1940-களில் உட்கார்ந்து, சந்தேக மரணம் நடந்த அறைகளை ஒரு அடிக்கு ஓர் அங்குலம் கணக்கில் பொம்மை அறைகளாகச் செய்தார். குட்டிக் கட்டில், குட்டிக் காலண்டர், குட்டிப் பிணம். போலீஸ்காரர்கள் அதைப் பார்த்துத் துப்பறியப் பழகவேண்டும். 1943-ல் அவரை நியூ ஹாம்ஷயர் போலீசில் கேப்டனாகவே ஆக்கினார்கள். அவர் செய்த அறைகள் பால்டிமோரில், மரண விசாரணை அலுவலகத்தில் இருக்கின்றன. எங்கள் வீட்டிலும் விசாரணை அந்த மாதிரிதான் ஆகிவிட்டது. செத்தது வீடு. சாட்சிகள் மூன்று ஊரில்.

கேஸை முடித்தது மஸ்கட் தங்கச்சி. "சின்னண்ணே, ஸ்கூல் விட்டு வந்து நாம மங்களாவுல உக்காந்து அவல் தின்போமே, அப்போ கண்ணாடி ஓட்டு வெயில் பட்டையா அரங்குக் கதவு மேலதானே விழும்? நாலு மணி வெயில் மேற்கேயிருந்துதானே வரும்? அப்போ மங்களாவுக்குக் கிழக்குச் சுவர்லதான் கதவு."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அரங்கு. அரங்குக்குள் நின்று பார்த்தால் அதுவே மேற்குச் சுவர். நான் மங்களாவில் நின்றுகொண்டு கிழக்கு என்கிறேன், அண்ணன் அரங்குக்குள் நின்றுகொண்டு மேற்கு என்கிறான். 

"ரெண்டு பேரும் ஒரே கதவுக்கா இவ்வளவு நேரம் சண்டை போட்டீங்க?" என்றாள் மனைவி. ஸ்பீக்கரில் இருந்ததால் அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

அம்மாவுக்கு வயசாகிவிட்டது, வடக்கு என்கிறாள் பாவம் என்று நான் மேற்குச் சுவரில் கதவை வெட்டிவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணனிடமிருந்து போன்.

"டேய், அரங்கு வடக்குச் சுவர்ல ஒரு பெரிய மாடம் இருக்கும்ல? ஆள் உயரத்துக்கு? நாம ஒளிஞ்சு விளையாடுவோமே? சுவர் கனத்துல பாதி உள்ள போயிருக்கும். அது ஏன் அவ்வளவு பெரிசு?"

அம்மாவிடம் கேட்டேன். "அதாம்லே வாசல். நான் கலியாணம் ஆகி வந்தப்போ அதுவழியாத்தான் போவோம். பொறவு மூத்தவன் பெறக்கதுக்கு முன்ன ஒங்க தாத்தா அதை அடைச்சு, மேற்கே வாசல் வச்சா. வடக்கே அடுக்களைப் பொகை உள்ள வருகுன்னு."

மாத்திரையை மறக்கிற அம்மா, நாங்கள் பிறப்பதற்கு முன்னால் இருந்த வீட்டைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். 

அன்றிலிருந்து தினமும் ராத்திரி எட்டரைக்குச் சென்னையிலிருந்து போன். கழுக்கோல் எத்தனை, உரி எங்கே தொங்கும், பத்தாயம் எந்த மூலை. பத்தாயத்தை ஒரு சினிமா தியேட்டர் வைத்திருந்த குடும்பத்தின் பத்திரிகையில் செய்தேன், அட்டை அவ்வளவு கனம். அதைச் சுவரோடு ஒட்டப்போனேன்.

"பின்னால ஒரு சாண் எடம் விடு" என்றாள் அம்மா. "எலி வந்தா பொறத்தால பூனை போகாண்டாமா?"

ஒரு சாண் என்றால் முக்கால் அடி. என் கணக்கில் மூன்று நூல். விட்டேன்.

எல்லாம் ஒட்டி முடித்து, காய்வதற்காக நாற்காலியில் வைத்திருந்தேன். பேப்பர் படிக்கப் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். கண்ணாடி போடாமல் உட்கார்ந்தார்.

"என்னமோ நெரிஞ்சுவே" என்றார்.

பையன் அழுதான். எனக்கும் அழுகை வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் எடை அப்படி. ஸ்கூலுக்கு இன்னும் நாலே நாள். ஆபீசில் லஞ்ச் நேரத்தில் மறுபடி அட்டையை வெட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் பின்னால் வந்து நின்றார். 'மெமோ' என்று நினைத்தேன். "இதைப் பஸ்ல எப்படிப் பத்திரமாக் கொண்டுபோவீங்க? மடக்குற மாதிரிச் செய்யுங்க சார்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த யோசனை ஜப்பானில் பழசு. அங்கே தேநீர் அருந்துவதற்கென்று தனியாகச் சின்னஞ்சிறு அறை கட்டுவார்கள். அதன் பிளானை ஒகோஷி-எசு என்ற முறையில் வரைவார்கள். தரையை ஒரு தாளில் வரைந்து, நாலு சுவரையும் தனித்தனித் தாளில் வெட்டி, தரையின் ஓரங்களில் ஒட்டிவிடுவது. படுக்கவைத்தால் வெறும் பேப்பர், தூக்கி நிறுத்தினால் அறை. ஜன்னல், கதவு, அளவு எல்லாம் அதிலேயே இருக்கும். தச்சர் அதைப் பார்த்து வேலை செய்யலாம். 

நாங்களும் அப்படியே செய்தோம். ஒட்டுகிற இடத்தில் துணிப் பட்டை வைத்து, நாலு சுவரும் தரைமேல் மடங்குகிற மாதிரி. பத்தாயம் மட்டும் தனியாகத் தட்டையாக மடங்கும். உயரமும் அகலமும் நாலே அங்குலம் என்பதால் சுவர்கள் கச்சிதமாகத் தரையோடு படிந்தன. மொத்தமும் மடித்தால் ஆறுக்கு நாலு. ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்களே, மேக்ஸி சைஸ் போட்டோ, அதே அளவு.

வடக்குச் சுவரில் மாடத்துக்குக் கறுப்புப் பேப்பர் ஒட்டப் போனேன். அம்மா விடவில்லை. அதை ரீஃபில் பேனாவால் கீறி, திறந்து மூடுகிற கதவாகவே வைக்கச் சொன்னாள். வைத்தேன். திறந்து பார்த்தாள், விரல் நுனியால்.

ஸ்கூலில் பத்துக்கு ஏழு. மூன்று மார்க் எதற்குப் போயிற்று என்றால், சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'ஜன்னல் இல்லை. காற்றோட்டம் அவசியம்.' பையன் சுகாதாரப் பாடத்தில் இதையே நானும் படித்தேன் என்று ஒத்துக்கொண்டான். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "அரங்குக்கு ஏதுலே ஜன்னலு? கள்ளன் வரவா?" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்க் போட்டுத் திருப்பிக் கொடுத்ததும் அண்ணன், "கூரியர்ல அனுப்பு, பாத்துட்டுத் தரேன்" என்றான். கல்யாணப் பத்திரிகை உறையிலேயே போட்டு அனுப்பினேன். போய்ச் சேர்ந்த அன்றே போன்.

"தாழ்ப்பாள் இடது பக்கம்டா. நீ வலது பக்கம் வச்சிருக்க. நான் மாத்திட்டேன். பத்தாயமும் கொஞ்சம் தள்ளி இருந்துச்சு, ஒட்டி வச்சிட்டேன். அடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பணுமாம், அவ கேக்குறா."

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருலே போன்ல?"

"அண்ணன்தாம்மா."

"அரங்கு எங்க?"

"அண்ணன்கிட்ட. சென்னையில."

"பத்தாயத்தை ஒட்டி வச்சானா? எம்புட்டு சொல்லியும் கேக்க மாட்டான்" என்று போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "லேய் மூத்தவனே, மஸ்கட்டுக்கு எல்லாம் பொறவு அனுப்பலாம். முதல்ல நீ அதை எடுத்துக்கிட்டு இங்க வா. அந்த ஒரு சாண் எடத்தை விடணும், கேட்டியா?"